ஒன்பதாம் எண்ணுக்கு முதல் நாற்று

மதிவாணனைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஆளைச் சொல்லிவிட வேண்டும். நீடாமங்கலத்துக்குத் தெற்கே மன்னார்குடி ரோட்டை விட்டு, வாய்க்கால் கரையோடு இறங்கினால் வருகிற ஊர். மேலத்தெரு சாரங்கபாணிக்கு இரண்டு தாரம். மூத்தவள் வயிற்றில் இரண்டு பெண்கள், இளையவள் வயிற்றில் இவன் ஒருத்தன்தான். பெண்டாட்டி விஜயலட்சுமி வேறு யாருமில்லை, சொந்த அத்தை மகள். கல்யாணமான மறு வருஷம் குவைத்துக்குப் போய்ப் பதினொரு வருஷம் இருந்தான். அங்கே ஒரு அமெரிக்கக் கம்பெனி கேம்ப்பில், மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை. அதே மெஸ்ஸின் சமையல்கட்டில் இருந்தவர் கூத்தாநல்லூர் ஜெகபர் அலி.

மெஸ் டிவியில் எந்நேரமும் அமெரிக்கர்களின் ஃபுட்பால்தான் ஓடும். பேர்தான் அப்படி, பந்தைக் காலால் தொடுவது எப்போதாவதுதான். இரண்டு முனையும் கூம்பிப் பப்பாளிக்காய் மாதிரி இருக்கும் அந்தப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். ஒரு சூப்பர்வைசர் உப்புக் குப்பியையும் கரண்டிகளையும் மேஜையில் பரப்பி இவர்கள் இருவருக்கும் ஆட்டத்தை விளக்கினார். பக்கத்துக்குப் பதினொரு பேர். நாலு தடவைக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு தடவை கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. இப்படியே எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் புள்ளி. நடுவில் ஒருவன் நிற்பான். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, இன்னொருவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பது அவன் பாடு. அவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பேர். உப்புக் குப்பிதான் குவார்ட்டர்பேக்காக இருந்தது.

குவைத் முடிந்து ஊருக்கு வந்து மூன்றாம் வருஷம், மூட்டை ஏற்றிய டிராக்டர் வாய்க்கால் கரையில் சாய்ந்து மதிவாணனின் தொடை எலும்பு முறிந்துபோனது. தகடு வைத்துத் தைத்தார்கள். பத்து மாதம் கட்டிலே கதி. அக்காள் இருவரும் முறை வைத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். விஜயலட்சுமி நடவு ஆட்களோடு சேர்ந்து கூலி வேலைக்குப் போனாள். அதற்குள் ஊர் திரும்பியிருந்த ஜெகபர் அலி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுகை முடிந்த கையோடு வருவார். கையில் அவர் மனைவி நஃபீசா கட்டிக் கொடுத்த டிபன் கேரியர் இருக்கும். பத்து மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் தவறவில்லை. இதைச் சொல்லும்போது மதிவாணனுக்கு இன்றைக்கும் குரல் இறங்கிவிடும்.

அப்படி வந்த ஒரு வெள்ளிக்கிழமை அலி பாய்தான் அந்த விளையாட்டைப் போனில் காட்டினார். உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு அணி வைத்திருக்கிறார்கள். அணிக்காரர் பந்தைத் தொடுவதில்லை, பொத்தானையும் அமுக்குவதில்லை. எந்த இடத்தில் யார் நிற்பது, எத்தனை கஜம் பாக்கி இருந்தால் எறிவது, எத்தனை இருந்தால் ஓடுவது, யார் களைத்தால் யார் இறங்குவது என்று முந்தின நாளே ஒரு ஷீட்டில் நிரப்பி அனுப்பிவிட வேண்டும். மறுநாள் நம் ஊர்க் காலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் ஆட்டத்தை நடத்தி, நடந்ததை வரி வரியாக எழுதிக் காட்டும். மடையைத் திருத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற மாதிரிதான். அதற்கப்புறம் தண்ணீர் போகிற வழி அதன் பாடு.

இருவரும் சேர்ந்து ஒரு அணி எடுத்தார்கள். வெண்ணாறு என்று பேர் வைத்தார்கள். பந்து நம் கையில் இருக்கும்போது மதிவாணன் பொறுப்பு, எதிராளி கையில் இருக்கும்போது அலி பாய் பொறுப்பு. ஆரம்பத்தில் மதிவாணன் செய்த கூத்து கொஞ்சமில்லை. நாலாவது தடவையிலும் முன்னேற வழியில்லை என்றால் பந்தைத் தூரமாக உதைத்து எதிராளியிடம் விட்டுவிடுவது அந்த ஆட்டத்து வழக்கம். இவன் முடியவே முடியாது என்றான்.

"கையில இருக்கிறதை நாமளே உதைச்சு அவன்கிட்ட குடுக்கறதா? நல்ல கதையா இருக்கு பாய்!"

நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்ற பிறகுதான் உதைக்கச் சம்மதித்தான்.

அணியோடு வந்த குவார்ட்டர்பேக்கின் பேர் புக்கர். கம்ப்யூட்டர் வைத்த பேர். எண் ஒன்பது, அப்போது வயது முப்பது. அந்த விளையாட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு சீசன், சீசனுக்கு ஒரு வயது. மதிவாணன் கட்டிலில் கிடந்து போனைப் பார்ப்பான். "ஒன்பதாம் எண் தானே ஓடினார், பதினாலு கஜம்" என்று ஒரு வரி வரும். பஞ்சு வைத்துக் கட்டிய கால் போர்வைக்குள் தன்னையறியாமல் அசையும். வலிக்கும், ஆனாலும் அசைப்பான். அந்த விளையாட்டில் அணிகளுக்கு நாலு தட்டு. கடைசியான நாலாம் தட்டில் இருந்த வெண்ணாறு மூன்று சீசனில் முதல் தட்டுக்கு ஏறியது. அது ஏறின வாரத்தில்தான் மதிவாணன் ஊன்றுகோல் பிடித்து வாசல் வரைக்கும் நடந்தான். தனக்காக ஓடினவர் புக்கர்தான் என்று அவன் மனசில் விழுந்துவிட்டது. அதை யாரும் பிடுங்க முடியாது.

இப்போது எட்டாவது சீசன். புக்கருக்கு முப்பத்தேழு. கை பலம் நூற்றுக்கு எண்பதிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. பின்னால் ரீட் என்கிற இருபத்துமூன்று வயதுக்காரன் எண்பத்தொன்றோடு காத்திருந்தான். கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. அதில் தோற்றால் வெண்ணாறு இரண்டாம் தட்டுக்கு இறங்கிவிடும்.

புரட்டாசி மாதம், வியாழக்கிழமை. அன்றைக்கு மதிவாணன் வயலில் சம்பா நடவு. ஆறரை மணிக்கே அலி பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார்.

"மாப்ள, சாயந்தரம் நாலு மணிக்கு ஷீட் மூடிரும். அந்தக் கிழவனைத் தூக்கப் போறியா இல்லையா?"

"கிழவன்னு சொல்லாதீங்க பாய். முப்பத்தேழுதான் ஆவுது. எனக்கு நாப்பத்தஞ்சு."

"உன்னைய எவனும் பந்து எறியக் கூப்பிடலையே!"

உள்ளேயிருந்து விஜயலட்சுமி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். "காலங்காத்தால ரெண்டு பேரும் யாரு பொழப்புல மண்ணைப் போடப் பேசறீங்க?"

"உன் புருஷன் கம்ப்யூட்டர்ல இருக்கிறவனுக்கு விசுவாசம் பாக்கிறான்மா. அணி கவுந்துரும்."

"அவரு யாருக்குத்தான் பாக்கல? அந்த ஊன்றுகோலைக்கூடத் தூக்கிப் போட மனசில்லாம பரண்ல வச்சிருக்காரு. பேசிக்கிட்டே வயலுக்கு வாங்க, நேரமாவுது."

மதிவாணன் அவள் பின்னால் நடந்தான். பாய் சொல்வது நியாயம் என்று அவனுக்கும் தெரியும். பாதி வேலை பாயுடையது, அணியும் பாதி அவருடையது. தன் நன்றிக்காக அவர் உழைப்பை ஆற்றில் விடுவது எப்படி? ஆனால் புக்கரின் பேரை அழித்து ரீட் பேரை எழுத விரல் போகும்போதெல்லாம், அந்த ஷீட்டில் புக்கருக்குப் பக்கத்தில் "உட்கார வைக்கப்பட்டார்" என்று ஒரு சொல் வரும். அதைப் பார்த்ததும் விரல் நின்றுவிடும்.

வயலில் பன்னிரண்டு பெண்கள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார்கள். நாற்று முடிகள் கட்டுக் கட்டாக வரிசையில் கிடந்தன. ஆனால் யாரும் குனியவில்லை. பூவம்மாள் வரவேண்டும். விஜயலட்சுமியின் பெரியம்மா, எழுபத்திரண்டு வயது. இரண்டு வரிசை சேர்ந்தாற்போல நட முடியாது, இடுப்பு பிடித்துக்கொள்ளும். அது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நாற்பது வருஷமாக அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று நட்ட கை அது. விஜயலட்சுமிக்கு நாற்றைப் பிடிக்கப் பழக்கியதும் அந்தக் கைதான்.

பூவம்மாள் மெல்ல இறங்கி வடகிழக்கே ஈசானி மூலைக்குப் போனாள். கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் நாற்றை ஊன்றினாள். தொடர்ந்து ஒரு கைப்பிடி நட்டாள், நிமிர்ந்தாள்.

"குலவை போடுங்கடி! வாயில என்ன கொழுக்கட்டையா?"

குலவைச் சத்தம் எழுந்தது. பூவம்மாள் வரப்பேறி உட்கார்ந்து வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம்தான் இளசுகள் எல்லாரும் குனிந்தார்கள். குனிந்தவர்கள் மதியம் வரைக்கும் நிமிரவில்லை. நடவில் ஒரு குறையுமில்லை, பூவம்மாள் முகத்திலும் ஒரு குறையுமில்லை.

மதிவாணன் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாய், ஷீட்ல ஆள் மாத்துற பக்கம் இருக்குல்ல, அதுல எப்போ மாத்தணும்னு நாமளே போட முடியும்தானே?"

"போடலாம். காயம்பட்டா, ரொம்ப முன்னிலையில இருந்தா..."

"முதல் முறை பந்து நம்ம கைக்கு வந்து, அது எதிராளிகிட்ட போன உடனேன்னு போடலாமா?"

அலி பாய் வரப்பில் இருந்த பூவம்மாளைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "அடப்பாவி! அந்த முதல் முறையில அவன் பந்தைப் பறிகொடுத்துட்டான்னா?"

"குடுக்க மாட்டாரு. அவருக்கு எறியறதே வேணாம். பூரா ஓட்டம்தான். பந்தை வாங்கிப் பக்கத்து ஆள்கிட்ட குடுத்தா போதும். ஒரு முறை. அதுக்கப்புறம் ரீட்தான் கடைசி வரைக்கும்."

பாய் தாடியைத் தடவினார். "போடு. ஆனா அந்த முறையில மூணு கஜத்துக்கு மேல பாக்கி இருந்தா நாலாவதுல உதைச்சிரணும். அதுல ஒரு பேச்சும் கிடையாது."

"உதைச்சிரலாம் பாய்."

வரப்பில் உட்கார்ந்தே ஷீட்டை நிரப்பினார்கள். சேற்றுக் கையால் தொட்டதில் போன் வேலை செய்யாமல் போக, விஜயலட்சுமி முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். மூன்றரை மணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மதிவாணன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அலி பாய் கூத்தாநல்லூரிலிருந்து போனில். இரண்டு பேரும் ஒரே வரியை ஒரே நேரத்தில் படித்தார்கள். பந்து முதலில் வெண்ணாற்றுக்கு வந்தது. ஒன்பதாம் எண் வாங்கிக் கொடுத்தார், நாலு கஜம். மறுபடி ஐந்து கஜம். ஒரு தடவை யாருக்கும் கொடுக்க வழியில்லாமல் தானே ஓடினார், மூன்று கஜம். மதிவாணனின் கால் நாற்காலிக்கடியில் அசைந்தது. அப்படியே முப்பத்தெட்டு கஜம் போய், அங்கே முடங்கியது. உதைத்தார்கள். பந்து எதிராளியின் கோட்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. புள்ளி ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லையே மாப்ள" என்றார் பாய்.

"பறிகொடுக்கல பாய்."

அடுத்த வரி: "ஒன்பதாம் எண் வெளியே வருகிறார். ரீட் இறங்குகிறார்."

அதற்கப்புறம் ரீட் எறிந்த எறியைச் சொல்லி மாளாது. நடுவில் இரண்டு தடவை பின்தங்கினார்கள். ஒரு கட்டத்தில் பாய் போனையே கீழே வைத்துவிட்டார், நஃபீசாதான் எடுத்து, "அண்ணே, இவரு கொல்லைப் பக்கம் போயிட்டாரு, நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றாள். கடைசியில் வெண்ணாறு இருபது, எதிராளி பதினேழு. முதல் தட்டில் இருக்கிறோம்.

பாய் போனுக்கு வந்து மூக்கை உறிஞ்சினார். "அல்ஹம்துலில்லாஹ். பூவம்மா பெரியம்மாவுக்கு ஒரு கவுளி வெத்தல நான் வாங்கித் தர்றேன்."

சீசன் முடிந்த மூன்றாம் நாள் கம்ப்யூட்டரே அறிவித்தது, புக்கர் ஓய்வு பெறுகிறார் என்று. கீழே அவர் கணக்கு. வெண்ணாற்றுக்காக நூற்றிருபத்தெட்டு ஆட்டம். தொடக்க வீரராக நூற்றிருபத்தெட்டு ஆட்டம். ஒரு நாள்கூட உட்கார வைக்கப்படவில்லை. மதிவாணன் அந்த இரண்டு எண்ணையும் விஜயலட்சுமிக்குக் காட்டினான். அவள் இதுவரை அந்த விளையாட்டை எட்டிப் பார்த்ததில்லை. போனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"அவருக்கு நாம எதாச்சும் செய்ய முடியாதா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆளுக்கு என்னத்தடி செய்யறது?"

"நீங்க கட்டில்ல கிடந்தப்ப உங்களச் சிரிக்க வச்ச ஆளு. நான் நடவுக்குப் போயிட்டு வந்து பாத்தா முகம் தெளிவா இருக்கும். எனக்குத் தெரியாதா?" போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த ஒன்பதை வேற யாருக்கும் குடுக்காதீங்க."

அதற்கும் அந்த விளையாட்டில் ஒரு கட்டம் இருந்தது. மதிவாணன் தேடிப்பிடித்து அழுத்தினான். புது சீசனில் ஒருவனை எடுத்தபோது அலி பாய், "இவனுக்கு ஒன்பது போட்டா நல்லாருக்கும், ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்று ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் கேட்டார்.

"அது எங்க வீட்டு ஆளு எண்ணு பாய்" என்றாள் விஜயலட்சுமி, அடுப்படியிலிருந்தே. "வேற பாத்துக்குங்க."