மறுபக்கம் தெரியாத அம்மன்

ஷைலாவுக்குப் பல் கட்டுவது தொழில், பதக்கம் பைத்தியம். பர்மாவில், அலோனில் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பொய்ப்பல் செய்கிறவளுக்கு ரஷ்யாக்காரர்களின் பழைய பதக்கங்கள் மேல் அப்படி என்ன ஆசையோ! போரில் ஜெயித்தாலும் பதக்கம், கட்டடம் திறந்தாலும் பதக்கம் என்று அடித்துத் தள்ளிய அரசர்கள் அவர்கள். அசல் அவள் கைக்கு வந்தது சொற்பம். மற்றவற்றைக் கண்ட இடத்தில் கொஞ்ச நேரம் இரவல் வாங்கி, பல் அச்செடுக்கும் மாவில் அழுத்தி, பிறகு வெள்ளீயத்தில் வார்த்துக்கொள்வாள்.

ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், பழக்கமான தைலம்மாள் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்த ஒன்றுதான் அவளைப் படாத பாடு படுத்தியது. தைலம்மாளின் கணவர், காலஞ்சென்ற உதயசூரியன், கப்பலுக்கு வண்ணம் அடிக்கப் போன இடத்தில் பழைய இரும்புக் குவியலிலிருந்து எடுத்து வந்தது. கிரீடம் வைத்த பெண் முகம், சுற்றிலும் புரியாத எழுத்து. முகத்தை அம்மன் என்றும் எழுத்தை மந்திரம் என்றும் கொண்டு, பித்தளைத் தட்டில் மெழுகால் ஒட்டிப் பொட்டும் வைத்துவிட்டாள் தைலம்மாள். அது ரஷ்ய மகாராணி என்று ஷைலாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவள் அடுத்தவர் வீட்டு மாடத்தில் மூக்கை நுழைப்பானேன்?

ஆனால் பின்பக்கம்? முன்னால் அதே ராணி முகத்தை வைத்துப் பின்னால் வேறு வேறு படம் அடித்திருக்கிறார்கள். அங்கே இருப்பது எரியும் கப்பலா, சிலையா, கோட்டையா? அதைப் பார்க்காமல் இது எந்தப் பதக்கம் என்றே சொல்ல முடியாது. படகேறி ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு.

"அம்மன் முதுகப் பாக்கக் கூடாது, மா ஷைலா" என்பாள் தைலம்மாள், பர்மாக்காரர்களைப் போலப் பெயருக்கு முன்னால் 'மா' போட்டு. "வேணும்னா மொகத்த மட்டும் அச்செடுத்துக்க."

கிடைத்தவரை லாபம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவோடு போனாள். பொட்டைத் துடைத்து, குழைத்த மாவை முகத்தின் மேல் அப்பினாள். இறுகியதும் மெல்ல இழுத்தாள். பழைய மெழுகு விட்டுக்கொடுத்தது. மாவோடு அம்மனும் கையோடு வந்துவிட்டாள்.

தைலம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். "நான் பாக்கல. சீக்கிரம் ஒட்டிடு."

ஷைலா திருப்பினாள். பார்த்துவிட்டாள். கப்பல் இல்லை, சிலை இல்லை. வெறும் தட்டை, அரத்தால் தேய்த்த கோடுகள். அவள் வார்ப்பதன் பின்பக்கமும் இப்படித்தான் இருக்கும். இதுவும் அச்செடுத்து வார்த்ததுதான். அசல் கிடைக்காத யாரோ ஒருவர் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஏமாற்றத்தில் அவளுக்கு அழுகையே வந்தது, கூடவே சிரிப்பும்.

ஒட்டுவதற்கு மெழுகை உருக்கும்போது, மூடிய கண்ணோடு தைலம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "பின்னால என்ன இருக்கு?"

ஷைலா திகைத்துப்போனாள். இத்தனை காலமும் இவளுக்கும் இதே ஆசைதானா?

"ஒண்ணும் இல்லக்கா. மொகம் மட்டுந்தான்."

தைலம்மாள் கண்ணைத் திறந்தாள். "முதுகே இல்லயா? அப்ப அவரு போனதுலேருந்து நான் பேசினது எல்லாத்தையும் இவ மொகத்தத் திருப்பாம கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா."

ஷைலா மெழுகை வைத்து அழுத்தி, புதிதாகப் பொட்டும் வைத்தாள்.