அம்மா விடாத கண்ணாடிப் பெட்டி

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். திருச்சியில் விலங்கியல் படித்த வருஷங்களில் கடல் பிராணிகளை ஃபார்மலின் ஜாடியில்தான் பார்த்தேன். 'கடல் சாமந்தி' என்று லேபிள் ஒட்டிய ஜாடியில் வெந்த முட்டைக்கோஸ் மாதிரி ஏதோ வெளுத்துக் கிடந்தது. உயிரோடு அது என்ன நிறம் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரெக்கார்டு நோட்டில் அந்தப் படத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டாமல் விட்டிருந்தேன்.

கடைசி வருஷம் காலேஜில், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்கு டூர் என்றார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டில் அப்பா பஞ்சாங்கத்தை மூடினார்.

"அமாவாசை, கிரகணம்னு பர்வ காலம் இல்லாம சமுத்திரத்தைத் தொடப்படாது."

"ராமேஸ்வரத்துச் சேதுவுக்கு அந்த விதி கிடையாதுன்னு நீங்கதானே சொல்லுவேள்?"

அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: துணைக்கு அம்மா வருவாள், முதலில் சேது ஸ்நானம். காலேஜ் டூரில் மடிசார் கட்டிய அம்மா! ராமேஸ்வரம் வரை நகத்தைக் கடித்துக்கொண்டே போனேன்.

ஸ்நானம் முடிந்த மறுநாள் காலை, மண்டபத்தில் படகேறினோம். பவளப்பாறைக்கு மேலே படகு நின்றது. அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதைத் தண்ணீரில் அழுத்திக் குனிந்தால் கடலடி தெரியும். பன்னிரண்டு பெண்களில் நான் கடைசி. என் முறை வந்தபோது லெக்சரர், "மாமி, நீங்களும் பாருங்க" என்று பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா குனிந்தாள். நிமிரவே இல்லை.

"போதும்மா, குடு."

"இருடி."

காற்று கிளம்பியது. "தண்ணி கலங்குதுங்க, திரும்பிரலாம்" என்றார் படகுக்காரர். பெட்டி என் கைக்கு வந்தபோது வெறும் கலங்கல்தான் தெரிந்தது. ஆத்திரத்தில் மூன்று நாள் அம்மாவிடம் பேசவில்லை.

நோட்டைக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் போய், பெட்டியில் என்ன தெரிந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"விரல் விரலா ஆடிண்டிருக்கு. நுனியெல்லாம் கத்திரிப்பூக் கலர். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒண்ணு உள்ள போறது, வரது. பக்கத்துல பெரிய சிப்பி, உதடு பூரா மயில் கழுத்து நிறம். நிழல் பட்டா மூடிண்டுடறது. முள்ளுப் பந்து ஒண்ணு, முள்ளாலயே நடக்கறது."

"அந்த விரல்ல விஷம்மா."

"அந்த மீன் பயப்படலையே."

அவள் சொன்னபடியே தீட்டினேன். 'நேரில் பார்த்து வரைந்தது தெரிகிறது' என்று லெக்சரர் எழுதியிருந்தார். வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அடுத்த வருஷமும் கூட்டிண்டு போவாளாடி?"

"எனக்கு இதுதாம்மா கடைசி வருஷம்."

அம்மா ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நாழி நிமிராமலே இருந்திருப்பேன்" என்றாள்.