முடுக்குக் கதவின் சாவி

எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நாலாம் வகுப்போடு நின்ற கை. அதோடு மறதியும் சேர்ந்துகொண்டது. இந்தப் பத்திரிகையில் வாராவாரம் என்னைப் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நார்த்தங்காய் ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருக்க வழி சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது அப்படியே கிடக்கட்டும். இப்போது என் மனதில் இருப்பதெல்லாம் ஒரு கதவுதான்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு வீடு உண்டு. அதை இரண்டு போர்ஷனாக வாடகைக்கு விட்டுவிட்டு, நான் எதிர்ச்சாரியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். முன் போர்ஷனில் நாயர் — ஆபீஸில் கிளார்க். மனைவி சாரதா, பால் குடிக்கிற குழந்தை ஒன்று. பின் போர்ஷனில் சங்கரலிங்கம் — திருநெல்வேலிக்காரர். அரிசிக் கடையில் கணக்கு எழுதுகிறார். மனைவி கோமதி, மகள் செல்லம். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எனக்குப் பயம் அதிகம்.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு முடுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் கோடியில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கிணறு, கிணற்றைத் தாண்டினால் கோமதியின் அடுக்களை. முடுக்கும் கிணறும் இரண்டு குடிக்கும் பொது, பகலில் கதவைச் சாத்தக் கூடாது — இதுதான் ஆரம்பத்திலிருந்து நான் போட்ட ஒரே நிபந்தனை.

ஒருநாள் காலையில் குடத்தோடு போன சாரதா, வெறும் குடத்தோடு திரும்பினாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

"ஆச்சி, இதெந்தா ஏற்பாடு? கிணறு அவருக்கு மட்டும் சொந்தமா?" — நாயர் ரோட்டைத் தாண்டி என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"கேட்டுச் சொல்லுதேன் சார்..." என்றேன். கேட்டேனா? முடுக்கு வாசல் வரை போய், இருமிவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான் என் வீட்டுக்காரித்தனம்.

வேறு சமயமாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இப்போது ஊர் இருக்கும் இருப்பு உங்களுக்கே தெரியும். தெற்குத் தாலூக்காக்கள் தமிழ்ப் பக்கம் சேர வேண்டுமா, மலையாளப் பக்கமே இருக்க வேண்டுமா என்று டீக்கடையில் பேச்சு எடுத்தாலே கிளாஸ் உடைகிறது. இதில், என் வீட்டில் தமிழ் பேசுகிறவர் மலையாளம் பேசுகிறவருக்குத் தண்ணீர் தரவில்லை என்றால்?

தெரு சும்மா இருக்குமா?

"பாண்டிக்காரன் இன்னு கிணறு எடுத்து. நாளெ வீடு எடுக்கும், நோக்கிக்கோ!" என்றான் டீக்கடைப் பெஞ்சில் ஒருவன். தமிழர்களை அவர்கள் பாண்டிக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

"தண்ணியக் குடுத்தா அடுத்தாப்புல தாலூக்காவையும் கேப்பானுவ!" — இது அரிசி மூட்டை இறக்க வந்தவன்.

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். என் வீட்டுக் கூரையில் முதல் கல் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே சோறு தின்றேன்.

சங்கரலிங்கம் கடைக்கும் போகவில்லை. "லீவு எடுத்துட்டு கிணத்துக்குக் காவல் நிக்கிறான்!" என்று நாயர் பல்லைக் கடித்தார். எனக்கு வேறொன்று உறுத்தியது. கோமதி கடுகு மிளகாய் தாளித்தால் ரோட்டைத் தாண்டி நான் தும்முவேன். சில நாட்களாகத் தும்மலே இல்லை. அடுக்களைப் புகை வருகிறது, தாளிக்கிற வாசனை மட்டும் வரவில்லை. சண்டைக்காரர்கள் சமைக்காமல் இருப்பார்களா? தாளிக்காமல் யார் இருப்பார்கள்...? யோசித்தேன்.

அன்று சாயங்காலம் கொல்லைப் பக்கத்துச் சந்து வழியாகப் போனேன். கக்கூஸ் எடுக்க வருகிறவர்கள் மட்டும் நடக்கும் சந்து அது. கோமதி கொல்லை நடையில் நின்றாள். அவளுக்குப் பின்னால், வெளியே தெரியாமல் உள்வாசலில், வேப்பிலை. அம்மை கண்ட வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள்.

"கிட்ட வராதீய ஆச்சி!"

"செல்லத்துக்கா?"

தலையை ஆட்டினாள். "முத்து எறங்கியிருக்கு. யார்ட்டயும் சொல்லிராதீய. அம்மை ஆஸ்பத்திரி வண்டியக் கொண்டாந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாவ. அங்க போனவங்க திரும்பி வந்ததை யாரு பாத்தா?"

"அதுக்குக் கதவ எதுக்குடி அடைச்சீங்க? வெளியே கொலை விழும் போலருக்கே!"

"முன்வீட்டுல பச்சப்பிள்ள இருக்குல்லா? சாரதாம்மா கிணத்தடிக்கு வந்துட்டுப் போயிப் பால் குடுக்கும். அதான் இவுக தாழ்ப்பாளப் போட்டுட்டாவ. 'என்னையத் திட்டுனாத் திட்டிட்டுப் போறான், அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் வரக்கூடாது'ன்னாவ."

கேட்டுக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் என்ன செய்ய? சொன்னால் செல்லத்தை வண்டியில் ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால் அந்தக் கைக்குழந்தை? கதவு அடைபடுவதற்கு முந்தின நாள் வரை சாரதா அந்தக் கிணற்றடியில்தானே நின்றாள்? மாரியம்மன் பேரைச் சொல்லிச் சொல்லி விடிய வைத்தேன்.

விடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை. நாயருக்கு ஆபீஸ் இல்லை. கையில் கடப்பாரையோடு முடுக்கில் இறங்கினார். பின்னால் டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் எழுந்து வந்தது. அரிசிக் கடை ஆட்கள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

நான் எப்படி ரோட்டைத் தாண்டினேன், எப்படி அவர்களை முந்தினேன் — நினைவில்லை. கதவில் முதுகை வைத்து நின்றேன். வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"மாறி நில்லுங்க ஆச்சி. உங்க வீடுதான், சம்மதிக்கிறேன். வாடகை தாற எனக்கும் வெள்ளம் வேணும்!" என்றார் நாயர். தண்ணீரைத்தான் அவர் வெள்ளம் என்பார்.

முடுக்கு வாயிலில் சாரதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதுதான் என் வாயைத் திறந்தது.

"உள்ள அம்மை வந்திருக்கா, சார். சின்னப்பிள்ளைக்கு."

எல்லாரும் பின்வாங்கினார்கள். மூட்டைக்காரனும் டீக்கடைப் பெஞ்சுக்காரனும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியதைப் பார்த்தேன். அந்த நேரம் ஒருவனும் தாலூக்காவைப் பற்றிப் பேசவில்லை. சாரதா குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாயர் மட்டும் நகரவில்லை. கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். பயத்தில் நிமிர்ந்தே பார்க்காத அவர் முகத்தை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

"எனிக்குப் பேடியில்லா. எட்டு வயசிலே கண்டதாணு" — சின்ன வயதிலேயே வந்துபோனதாம், பயமில்லையாம் — என்றவர், கதவைப் பார்த்துச் சத்தம் போட்டார். "முன்னாடியே சொன்னா எந்தா, சங்கரலிங்கம்?"

உள்ளேயிருந்து சங்கரலிங்கத்தின் குரல். "சொன்னா வண்டி வரச் சொல்லியிருக்க மாட்டீரா?"

நாயர் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். "சொல்லியிருப்பேன். இப்பவும் சுகாதார ஆபீஸில் சொல்லத்தான் போறேன். எனக்கும் ஒரு குஞ்சு உண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே கோமதி அழுதது கதவு வழியாக என் முதுகில் கேட்டது. நான்தானே காட்டிக் கொடுத்தேன்?

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மத்தியானமே சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். அம்மை குத்துகிறவர் பெட்டியோடு வந்தார். வண்டியும் வந்தது. கொல்லைப் பக்கமாகப் போய் செல்லத்தைப் பார்த்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டரிடம், நாயர் மலையாளத்தில் படபடவென்று பேச ஆரம்பித்தார். முத்து காய ஆரம்பித்துவிட்டது, இனிமேல் எதற்குக் குழந்தையை அலைக்கழிக்க வேண்டும், வீட்டை அடைத்தே வைக்கலாம், வெளியே யாரும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்... கடப்பாரை எடுத்துவந்த அதே மனுஷர்!

இன்ஸ்பெக்டர் யோசித்தார். வண்டி காலியாகத் திரும்பியது. தெரு முழுக்க அம்மை குத்தினார்கள், சாரதா குழந்தைக்கு முதலில். வேப்பிலை தெருவாசலுக்கு வந்தது. முடுக்குக் கதவில் இந்தப் பக்கம் ஒரு பூட்டு ஏறியது.

"வீட்டு உடமஸ்தன் ஆரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். சாவி என் கைக்கு வந்தது. எப்போது திறக்கலாம் என்றும் சொன்னார். அதிகாரி முன்னால் நின்ற பயத்தில் தலையை ஆட்டினேனே தவிர, காதில் ஒன்றும் ஏறவில்லை.

சாரதாவுக்குத் தண்ணீர் நான் இருக்கும் வீட்டுக் கிணற்றிலிருந்து. செல்லத்துக்கு இளநீர் நாயர் கையிலிருந்து, கொல்லைச் சந்து வழியாக. சாரதா குழந்தைக்குக் குத்தின இடத்தில் சீழ் கட்டிக் காய்ச்சல் வந்தபோது அது குத்தின காய்ச்சலா, அந்தக் காய்ச்சலா என்று நாங்கள் இரண்டு வீடும் ஒரே வீடாகத் துடித்தது... அதை எழுத வரவில்லை. காய்ச்சல் தணிந்தது. செல்லத்துக்கும், அம்மை இறங்கினால் மூன்று தடவை விடுவதுபோல, தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. மாரியம்மன் காப்பாற்றினாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன்.

நேற்றுக் காலையில் சங்கரலிங்கம் கதவுக்கு அந்தப் பக்கம். "மூணாந் தண்ணி விட்டாச்சு ஆச்சி. தெறந்துவிடுங்க, கடைக்குப் போவணும்!"

நாயர் இந்தப் பக்கம். "திறக்கப் பாடில்லா! பொருக்கு ஒண்ணுகூட பாக்கியில்லாமெ உதிரணும். இன்ஸ்பெக்டர் அங்ஙனெயாணு சொன்னது!"

"மூணு தண்ணின்னுதாம் சொன்னாரு!"

"பொருக்குன்னாணு சொன்னது!"

ஒரு மாதத்துக்கு முன்னால் திற என்றவர் இப்போது அடை என்கிறார். அடைத்தவர் திற என்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து, "ஆச்சி, நீங்களே சொல்லுங்க!" என்கிறார்கள். இத்தனை வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் சுவரில் ஆணி அடித்தவர்கள்!

இன்ஸ்பெக்டர் ஆபீஸ் படியேறிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. நாயரை அனுப்பினால் சங்கரலிங்கம் நம்ப மாட்டார். சங்கரலிங்கம் கொல்லைச் சந்து வழியாகக்கூட வெளியே வரக் கூடாது. அதனால், படிக்கிறவர்களில் டாக்டரோ விவரம் தெரிந்தவரோ இருந்தால், மூன்று தண்ணீரா பொருக்கா என்று சரிபார்த்து, பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு கார்டு போடுங்கள். நான் எழுதியதில் வேறு தப்பு இருந்தாலும் திருத்துங்கள்.

அதுவரை சாவி என் இடுப்பில்தான் இருக்கும் — குளிக்கும்போதுகூட எடுப்பதில்லை.