வெட்டி எறிந்த மூச்சு

டப்பிங் ஸ்டூடியோவில் பதினான்கு வருடம் அவள் பார்த்த வேலை, சத்தத்தைத் துடைப்பது. பேசுபவர் இரண்டு வரிகளுக்கு நடுவே இழுக்கும் மூச்சு, நாற்காலியின் முனகல், வயிற்றின் கடமுடா எல்லாவற்றையும் கணினியில் வெட்டி எடுப்பாள். ஸ்டூடியோ அக்கா புருஷனுடையது. அங்கே அதிகம் பேசிய குரல் அக்காவுடையது.

வெட்டியதை அவள் எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், இழுத்து நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஸ்பீக்கர் கிழியும் அளவுக்கு ஏற்றி, இசை என்று வெளியிட்டாள். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. கேட்டவர்கள் திட்டினார்கள். பத்திரிகையில் ஒருவர் "பல்வலிக்காரனின் முனகல்" என்று எழுதினார். ஆனாலும் மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு வெளியூர்களிலிருந்து நிகழ்ச்சிக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அத்தானின் காதுக்கு விஷயம் எட்டியது.

"என் ஸ்டூடியோக் குப்பையும் எனக்குத்தான் சொந்தம். திருட்டுக் கழுதை!"

"குப்பைன்னு நீங்களே சொல்லிட்டீங்க அத்தான். அப்புறம் என்ன திருட்டு?"

அன்றே வேலை போயிற்று. சாவியை மேசைமேல் வீசிவிட்டு வந்தாள். அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு சின்ன அரங்கில் அவள் நிகழ்ச்சி. அத்தான் வக்கீலோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் அக்கா. பாதிக் கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு வெளியேற, கண்ணை மூடி உன்னிப்பாகக் கேட்டவர் அத்தான் ஒருவர்தான். மூன்றாவதாக, அவள் அதுவரை வெளியிடாத ஒன்று. தரை அதிர ஒரு நீளமான இரைச்சல் எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது. அத்தான் துள்ளி எழுந்தார்.

"எழுதிக்கோங்க வக்கீல் சார்! இது எங்க ஏசி. இப்படித்தான் இழுக்கும்!"

"அது ஏசி இல்ல. என் மூச்சு." அக்காவின் குரல் இரைச்சலையும் மீறி நான்கு வரிசைக்குக் கேட்டது. "இருபது வருஷமா பக்கத்துல படுக்கறீங்க. இதுகூடத் தெரியல?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தான் முகம் சுண்டி உட்கார்ந்தார். அக்கா விறுவிறுவென்று மேடையேறினாள். தன் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்துத் தங்கை சிரித்தாள்.

"பல்லைக் காட்டாத. அவருக்குத் தெரியல. நீ தெரிஞ்சே எடுத்திருக்க. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன். அழி."

அவள் செய்ததிலேயே உருப்படியானது அதுதான். வேறு பிரதியும் கிடையாது. வக்கீல் நோட்டீசுக்கெல்லாம் மசியாதவள், அக்காவின் கண்முன்னே அதை அழித்தாள்.

"இப்போ திருப்தியா?"

"இல்ல." அக்கா இறங்கிப் போய்விட்டாள்.

வழக்கு நிற்காது என்று வக்கீலே கைவிரித்தார். அக்கா இப்போது வேறு ஸ்டூடியோவில் பேசுகிறாள். தங்கையின் அடுத்த ஆல்பத்தில் எல்லாம் அவளுடைய சொந்தச் சத்தம்: தொண்டை, பல், வயிறு. அதையும் திட்டினார்கள். அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.