ஒன்பதாவது சுற்று

நத்தத்திலிருந்து முருகேசன் அழைத்தபோது காலை ஆறு நாற்பது. நேரத்தைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். அந்த நிலையிலும் கண் கடிகாரத்தைத்தான் பார்த்தது.

"சார், நம்ம சீலன் போயிட்டான். நடக்கப் போறேன்னு செருப்ப மாட்டுனவன் அப்படியே வாசப்படியில உக்காந்துட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

ஜெயசீலனின் வீடு என் வீட்டிலிருந்து ஏழாவது வீடு. ஆனாலும் செய்தி நத்தம் வரை போய்த் திரும்பித்தான் எனக்கு வந்தது. வயதாகிக் காது மந்தமாகிவிட்டது; தெருவில் வண்டி வந்ததும் ஆட்கள் கூடியதும் எனக்குக் கேட்கவில்லை. அன்று முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போவேன், வாசலில் நிற்பேன், திரும்பி வருவேன், சட்டையைக் கழற்றுவேன், மறுபடி மாட்டிக்கொண்டு போவேன். அவரிடம் சொல்லி முடித்துவிட்டதாக நான் நினைத்திருந்த ஒன்று முடியவில்லை என்று அன்றுதான் உறைத்தது.

அவருடைய முப்பதாம் நாள் திருப்பலிக்கு அச்சிடும் சிறு மலருக்காக இதை எழுதச் சொன்னார்கள். என்னைவிட அவரை நன்றாக அறிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நத்தம் சாலையில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க் கடை வைத்திருந்தவராக ஊர் அவரை அறியும். விடுமுறை நாட்களில் செம்மண் பாதையில் பைக் பந்தயம் ஓட்டியவராக நாம் அறிவோம். பந்தயம் அவருக்குத் தொழில் அல்ல. திங்கட்கிழமை காலையில் நகக்கண்ணில் சேற்றோடு கடை திறப்பவர்.

எங்கள் பழக்கம் ஒரு புகாரில் தொடங்கியது. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன், சத்தம் ஆகாது. அவரோ சனிக்கிழமை மாலைகளில் பைக்கைத் தெருவில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்ப்பார். நேரில் சொல்லத் துணிவில்லாமல் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வாரம் திருத்தினேன். எந்தெந்த நாளில் எத்தனை நிமிடம் சத்தம் என்று ஓர் அட்டவணையும் சேர்த்தேன். அதைக் கதவிடுக்கில் செருகக் குனிந்தபோது அவரே கதவைத் திறந்துவிட்டார். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"பதினேழு நிமிசம்னு எப்படி சார் இம்புட்டு கரெக்டாப் போட்டீங்க?"

"வாட்ச் வச்சுப் பாத்தேன்."

"ஞாயித்துக்கிழம சும்மாதான இருக்கீங்க? எங்களுக்கு ரவுண்டு எழுத ஆளில்ல. வாங்க."

மாட்டேன் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. அப்படித்தான் உங்கள் பந்தயங்களில் குடைக்கடியில் தாளும் ஸ்டாப்வாட்சுமாக உட்காரும் கிழவன் ஆனேன்.

அவரால் உட்கார முடியாது. கோயிலில் பூசை முடியும்வரை கடைசித் தூணோரம் கால் மாற்றி மாற்றி நிற்பார். கடையில் நாற்காலி வாடிக்கையாளருக்கு. ஒருமுறை, எதற்கு இந்த வயதில் இது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பிரேக்கப் புடிச்சா விழுவோம், புடிக்காட்டியும் விழுவோம். யோசிச்சா கட்டாயம் விழுவோம். நீங்க யோசிக்கிற ஆளு சார், உங்களுக்கு வெளங்காது," என்றார். அது உண்மைதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில், சாணார்பட்டிப் பக்கம் நடந்த பந்தயத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். அவருடைய மகள் திருமணத்துக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. சனிக்கிழமை காலை பைக்கை மினி லாரியில் ஏற்றும்போது அவர் மனைவி ரெஜினா வாசலுக்கு வந்தார்.

"கையக் கால முறிச்சுக்கிட்டு வந்து கோயில்ல நிக்கப் போறீங்களா? இதான் கடைசின்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டுக் கெளம்புங்க."

"கடைசிதான்டி."

"சார் சாட்சி. சார், கேட்டுக்குங்க."

நான் தலையாட்டினேன். சாணார்பட்டி போய்ச் சேரும்வரை அவர் ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு திடீரென்று சொன்னார்: "இருபது வருசம் சார். ரெண்டாவது வந்துருக்கேன், மூணாவது வந்துருக்கேன். ஒருக்காகூட மொதல்ல வந்ததில்ல. இப்படியே ரிட்டயர் ஆயிருவேனோன்னு பயமா இருக்கு." அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மாந்தோப்புகளுக்கு நடுவே கிடந்த தரிசுதான் பந்தயக் களம். மூன்று நாள் மழையில் செம்மண் களியாகிக் கிடந்தது. மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முழுப் பாதையையும் நான்கு முறை நடந்தார். புளியமரத்து வளைவில் மட்டும் நின்று விரல்களை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். "சேறு கண்ணுக்குத் தெரியாது சார், காலுக்குத்தான் தெரியும்." சேறு ஒட்டாமலிருக்க மட்கார்டின் உட்புறம் முழுவதும் விளக்கெண்ணெய் தடவினார். டயரில் காற்றை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். பயிற்சி ஓட்டத்தில் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை எழுந்தபோது, அவரோடு பந்தயம் ஓட்டும் முருகேசன் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கேட்டார்: "என்ன மாப்ள, புள்ள கல்யாணத்துக்கு இப்பவே தரையில விழுந்து கும்பிடுறியா?" வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு ஜெயசீலனும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. எட்டுச் சுற்று. சேற்றில் எண் தெரியாது என்பதால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிறத் துணி கட்டச் சொல்லியிருந்தேன். என் யோசனையை எல்லோரும் பாராட்டினார்கள். முதல் சுற்று முடிவதற்குள் துணி, எண், சட்டை எல்லாம் ஒரே நிறம். அதனால் முன்னால் வருபவரின் சுற்றை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். அவர் கோட்டைக் கடக்கும்போது கடிகாரம் காட்டுவதை எழுத வேண்டும். அமைப்பாளரிடம் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். அவர் அதை மைக்கில் அறிவித்து, எட்டு முடிந்ததும் கொடி காட்டுவார். மூன்றாவது சுற்றிலிருந்து ஜெயசீலன்தான் முன்னால். முட்டியை அகட்டி எழுந்து நின்று ஓட்டும் விதத்தில் அவரை அடையாளம் தெரிந்தது.

மூன்று எழுதியதும் யாரோ ஒருவருடைய பின்சக்கரம் என் முகத்தில் சேற்றை அடித்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தேன், இன்னும் அப்பிக்கொண்டது. பாட்டிலைத் தேடி எடுத்துத் தண்ணீரை ஊற்றினேன், மறுபடி துடைத்தேன். அந்த நேரத்தில் என் முன்னால் சத்தமும் செம்மண் உருவங்களும் கடந்து போயின. கண்ணாடியை மாட்டியதும் பக்கத்திலிருந்த அமைப்பாளரிடம் கேட்டேன்: "இப்பப் போனது முன்னாடி ஆளுகளா?"

"அதெல்லாம் பின்னாடி வர்ற ஆளுக சார். முன்னாடி ஆளுக இப்பத்தான் புளியமரத்துக்கிட்ட இருக்காங்க."

எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் குரலில் இருந்த உறுதி என்னிடம் இல்லை. எழுதாமல் விட்டேன்.

ஏழு என்று நான் எழுதிய சுற்றிலும் கோட்டை முதலில் கடந்தவர் ஜெயசீலன். பின்னால் முருகேசன், பத்து பன்னிரண்டு முழத் தூரத்தில். இன்னும் ஒன்று என்று ஒரு விரலைக் காட்டினேன். ஜெயசீலன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். போய்விட்டார். புளியமரத்து வளைவில் வண்டி அவரை விட்டுத் தனியே போனது. முருகேசன் கொடியைக் கடந்தார். ஜெயசீலனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது.

மாலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தாளை எடுத்தேன். களத்தில் கடிகாரம் காட்டுவதை மட்டும் எழுதுவேன். கழித்துச் சுற்று நேரம் காண்பது வீட்டில். ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ இரண்டு நிமிடம். நான்காவது மட்டும் நான்கு நிமிடம் பத்தொன்பது வினாடி. மூன்று முறை கழித்துப் பார்த்தேன். அது ஒரு சுற்று அல்ல, இரண்டு. நான் ஏழு என்று எழுதியது எட்டு. ஒரு விரலைக் காட்டி நான் அவரை அனுப்பியது முடிந்துபோன பந்தயத்துக்குள்.

திங்கட்கிழமை காலை போனேன். கையைக் கழுத்தோடு கட்டி, அவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். சமையலறையில் மிக்ஸி ஓடியது. அது நின்று ரெஜினாவுக்குக் கேட்டுவிடுமோ என்ற பதற்றத்தில் வேகமாகச் சொன்னேன்.

"ஜெயசீலன், தப்பு நடந்துபோச்சு. எட்டுல முடிஞ்சிருக்கணும். ஒரு ரவுண்ட விட்டுட்டேன். ஒன்பது ஓட விட்டுட்டேன். எட்டுல நீங்கதான் முன்னாடி."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார், தோள் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எட்டு முடிஞ்சது எனக்குத் தெரியும் சார். நானும் எண்ணிக்கிட்டுத்தான வந்தேன்."

"பின்ன ஏன் நிறுத்தல?"

"நீங்க வெரலக் காமிச்சீங்க. கடைசிப் பந்தயம். ஓசில ஒரு ரவுண்டு கெடைக்குது, விடுவனா?"

திருத்தி அறிவிக்கச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று இடது கையை ஆட்டினார். "முருகேசன் கப்போட படம் எடுத்து வாட்ஸ்அப்புல போட்டு ஊரே பாத்துருச்சு. இப்பப் போய்ப் புடுங்குனா நல்லாருக்காது. அதுக்காக நீங்க எழுதுறத நிறுத்திறாதீங்க. அப்புறம் எங்களுக்கு எவன் கெடைப்பான்?"

அவர் தந்த மன்னிப்பை நான் உடனே பெற்றுக்கொண்டேன். அவ்வளவு விரைவாகப் பெற்றுக்கொண்டதை இப்போது நினைத்தால் கூசுகிறது. வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன்; எனக்கு அது வசதியாகவும் இருந்தது. மூன்று வாரம் கழித்து அவர் கட்டுப்போட்ட கையோடு மகளைப் பீடத்துக்கு அழைத்துப் போனார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பூச்சாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னபடி எட்டு முடிந்தது உண்மையிலேயே தெரியுமா, இல்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கணத்தில் உண்டாக்கிச் சொன்னாரா என்பதைப் பல நாள் ஆராய்ந்தேன். என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தது மட்டும் இருக்கிறது. அதை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போயிருந்தேன். ரெஜினா எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எதையோ பேசிக்கொண்டிருந்தவர் இடையில் கேட்டார்:

"சார், அந்தச் சாணார்பட்டிப் பந்தயத்துல எட்டு ரவுண்டுல நாந்தான் மொதல்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. யாரு சொன்னான்னு கேப்பேன். நானே எண்ணுனேம்பாரு. விழுந்தவரு என்னத்த எண்ணுனீங்கன்னு சிரிப்பேன். ஒன்பது ரவுண்டு ராசான்னு பேரே வச்சிட்டேன். மருமகன் முன்னாடிகூடச் சொல்லிச் சிரிப்பேன். நீங்கதான எழுதுனீங்க. அது நெசமா?"

நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நெசந்தாம்மா. தப்பு என்னோடது. மறுநாளே வந்து அவர்கிட்ட சொன்னேன்."

"ஏழு வீடு தள்ளித்தான இருந்தீங்க. வாங்க சார், வந்து இவகிட்டச் சொல்லுங்கன்னு ஒருநா அவரு கூப்புட்டிருக்கலாமே. ஏன் கூப்புடல?"

எனக்குப் பதில் தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் தப்பை அவர் மனைவி முன் சொல்ல வேண்டியிருந்திருக்கும். தன் வீட்டிலேயே வெட்டிப் பெருமைக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு அவர் என்னை அதிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். ஒரு நாள் அல்ல, நான்கு ஆண்டுகள். அதற்கிடையில் வாரம் தவறாமல் என் வாசலில் நின்று, "என்ன சார், சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டும் போயிருக்கிறார்.

மறுநாள் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரெஜினா நான்காவது வரிசையில் விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாகக் கழித்துப் பார்த்தார். நான் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை, தானே கழித்தார். பிறகு அதை மடித்து வைத்துக்கொண்டார்.

இதை எழுதும் முன் முருகேசனிடம் சொல்வது முறை என்று தோன்றியது. எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் படிப்பதுபோல் தொலைபேசியில் சொன்னேன். அவர் இடைமறிக்கவில்லை. கடைசியில், "அந்தப் பய உசுரோட இருக்கையில சொல்லியிருந்தீங்கன்னா ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன் சார். சண்டைக்கு வந்திருப்பேன். இப்ப எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க," என்றார். பிறகு, "தெரிஞ்சுக்கிட்டே நாலு வருசம் என்னோட டீ குடிச்சிருக்கான், களவாணி," என்றார்.

தாள் இப்போது ரெஜினாவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது, ஜெயசீலன் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் விட்ட அந்த நான்கு ஆண்டுகள். அதைப் பரிசு என்று சொல்ல வாய் வரவில்லை. நினைக்கும்போதெல்லாம் எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது. கூப்பிட அவர் இல்லை. கூப்பிடாமலே வந்து சொல்கிறேன்: சாணார்பட்டிப் பந்தயத்தில், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், எட்டுச் சுற்றையும் முடித்து முதலில் வந்தவர் ஜெயசீலன்.