இருட்டில் அழுதவள்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது என் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பூசும் செல்வி கணவரை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மனசு மாறட்டுமே என்று, நல்ல குடும்பப் படம் என யாரோ சொன்னதை நம்பி மேட்னி ஷோவுக்கு அழைத்துப் போனேன். படம் தொடங்கியதுமே கதாநாயகியின் கணவன் இறந்துபோகிறான். பதறிவிட்டேன்.

"ஏந்திரு செல்வி, வூட்டுக்குப் போயிடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருக்கா. வூட்ல அழுதா புள்ளைங்க பயப்படுதுங்க. இங்க இருட்டுல எல்லாரும்தான் அழுவுறாங்க" என்றவள், படம் முடியும்வரை அழுதாள்.

அதுவரை அவளிடம் நான் சொன்னதெல்லாம் "அழாதே" என்பதுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பிள்ளைகளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறேன். சாயங்காலம் கொண்டுபோய் விடும்போது அவள் கண்கள் வீங்கியிருக்கும். பிள்ளைகள் கேட்டால், "அம்மா நல்லாத் தூங்கிட்டாங்க போல" என்பேன்.