உள்ளங்கையில் ஒரு சொட்டு

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'உள்ளங்கை'. அவருடைய சாப்பாட்டுக் கடையில் அடுப்பிலிருந்து எது இறங்கினாலும் கரண்டியால் ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்து, ஒரு கணம் கண்ணை மூடி நின்ற பிறகுதான் தட்டு வெளியே போகும். சூப், குழம்பு, பழச்சாறு எதற்கும் விலக்கில்லை. மூடி போட்டு வரும் சோடாவில்கூடப் பெட்டிக்கு ஒன்றை உடைத்துப் பார்ப்பார்.

"கம்பெனிக்காரன் பாத்துத்தானே அனுப்பியிருப்பான்?" என்று யாராவது சீண்டினால், "அவன் நாக்கு அவனுக்கு. என் கடைக்கு என் நாக்குதான் பொறுப்பு" என்பார்.

அந்த நாக்கு ஒரு காலத்தில் வேறு ருசியில் கிடந்தது. கல்யாணமான புதிதில், பொழுது சாய்ந்தால் அவரை நாற்காலியோடு சேர்த்துத்தான் வீட்டுக்குத் தூக்கிவர வேண்டும். மகள் நடை பழகிய நாளில், அப்பாவைப் பார்த்து அலறி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். அன்றைக்குக் குடியை விட்டவர்தான். அதன் பிறகு வெகுகாலம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது கெட்ட காலம் கடைக்கு. எதிர்ப்பக்கத்தில் இரண்டு இடங்களில் மது விற்க ஆரம்பித்ததும் சாயங்காலக் கூட்டம் அப்படியே அங்கே தாவிவிட்டது. உள்ளங்கை ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

"நாமும் லைசென்ஸ் எடுப்போம்பா" என்றாள் மகள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். மதுவுக்கும், வார இறுதியில் பாட்டுக்கச்சேரிக்கும் சேர்த்து அவளே விண்ணப்பித்தாள். யாராவது ஆட்சேபித்தால் விசாரணை வைப்பார்களாம். அது யார் என்று விசாரணையில்தான் சொல்வார்களாம். உள்ளங்கை வீடு வீடாக ஏறி இறங்கிக் கும்பிடு போட்டார். பக்கத்துக் கடைத் தையல்காரர் மட்டும், "பாட்டுச் சத்தத்துல என் தையல் கோணிக்கிச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது?" என்று இழுத்தார்.

ஆகவே விசாரணைக்கு அழைப்பு வந்ததும் உள்ளங்கைக்குச் சந்தேகமே வரவில்லை. தையல்காரன்தான்.

மாடியில் நீளமான அறை. சுவர் விசிறி கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. மேசைக்குப் பின்னால் விசாரணைக் குழுவின் தலைவரம்மாவும் இரண்டு அதிகாரிகளும். முன்வரிசையில் உள்ளங்கை, மகள், தண்ணீர் பாட்டிலோடு மனைவி. பின்வரிசையில், வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, தையல்காரர்.

"ஆட்சேபணை கொடுத்தவங்க வந்திருக்காங்களா?" என்றார் தலைவரம்மா.

உள்ளங்கை திரும்பி முறைத்தார். "எழுந்திருய்யா. என்ன வெக்கம்?"

"ஐயோ அண்ணே, சத்தியமா நான் இல்ல!"

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. தண்ணீர் பாட்டிலை மகள் மடியில் வைத்துவிட்டு மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"நான்தாங்க."

உள்ளங்கை தன் சட்டையைப் பார்த்தார். காலையில் இந்தச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள். 'நல்லபடியா பேசுங்க' என்று காலரைச் சரிசெய்துவிட்டவள். வரும் வழியெல்லாம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வந்தவள்.

"நீங்க இவரோட..."

"சம்சாரம்."

அதிகாரிகளில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். தலைவரம்மா சிரிக்கவில்லை. "சொல்லுங்கம்மா."

"இவர் குடியை விட்டவர்ங்க. விக்கிறவன் எதுக்குக் குடிக்கப் போறான்னு நீங்க கேப்பீங்க. மத்த கடைக்காரங்களுக்கு அது சரி. இவர் நாக்குல படாம ஒரு சொட்டு வெளிய போகாது. ஊரையே கேட்டுப் பாருங்க. சோடாவையே விடாதவர், இதை விடுவாரா?"

"வீட்ல சொல்லியிருக்கலாமேடி!" உள்ளங்கையின் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"சொன்னேன். சிரிச்சீங்க. ரெண்டாவது தடவையும் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினீங்க."

உண்மைதான். சிரித்தார். பெண்பிள்ளை பயம் என்று நினைத்தார். மகளைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. கடையைப் பற்றி இத்தனை எழுதியும் அப்பாவின் கையைப் பற்றி யோசிக்கவே இல்லையே என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் இருந்தது.

"ஐயா, ருசி பாக்கற வேலையை வேற யாருகிட்டயாவது விடலாமே?" என்றார் இருமியவர்.

"நான் இருக்கேன்!" என்றார் பின்னாலிருந்து தையல்காரர். அறையே சிரித்தது. மனைவிகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தலைவரம்மா கையமர்த்தினார். "நீங்களே சொல்லுங்க. ருசி பாக்காம விப்பீங்களா?"

'இதென்ன பெரிய விஷயம், விப்பேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நல்லதா, கலப்படமா என்று பார்க்காமல் எப்படி ஊற்றுவது, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என்று உள்ளே ஒரு யோசனை ஓடியது. நாக்கடியில் ஊறியது. குனிந்து பார்த்தார். மடியில் கிடந்த இடது கை, அவரைக் கேட்காமலே குழிந்து, காத்துக்கொண்டிருந்தது.

யாரோ பிடரியில் அறைந்ததுபோல் இருந்தது. சட்டென்று கையை மூடினார். மனைவி அதைப் பார்த்துவிட்டாள். மகளும்.

"மாட்டேங்க" என்றார். "பாக்காம விக்க வராது எனக்கு. சாராயம் வேண்டாம், பாட்டுக்கு மட்டும் கொடுங்க."

பாட்டுக்குக் கிடைத்தது. பாட்டை நம்பி எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கடை திறந்தார். மனைவி வழக்கம்போல் கல்லாவில் உட்கார்ந்தாள். முதல் மேசைக்கு சூப் போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது.

"என்ன உள்ளங்கை, உப்பை மறந்துட்டியா? உன் கடைதானா இது?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ருசி பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். உப்பைப் போட்டுக் கலக்கினார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டார். விட்டவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கை வாய்க்குப் போகவில்லை.

கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"குடிங்க. அது சூப்புதான்."